வைப்பர் போடக் கண் எதுக்கு?

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குக் காரைப் பற்றி என்ன கதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கட கூட்டத்தில் சொந்தமாகக் கார் வைத்திருக்கிற ஒருத்தரும் இல்லை. லைசன்ஸ் இருக்கிறதே மூன்று பேருக்கு. ஆனால் கார் வாங்காத சனமும் காரில் ஏறுது, ரோட்டில் நடக்குது, சைக்கிளில் போகுது. ஓட்டுறவர் இரண்டு செக்கன் ரோட்டை விட்டுட்டுத் திரையைப் பார்த்தால் அந்த இரண்டு செக்கனிலும் அவருக்கு முன்னால் நிற்கப் போவது அநேகமாக எங்களைப் போல ஆக்கள்தான். 70 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு செக்கன் என்றால் 39 மீற்றர். ஏ9 வீதியில் மாடு படுத்திருக்கிற ஒரு இரவில் 39 மீற்றர் என்பது எவ்வளவு பெரிய தூரம் என்று வன்னிப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு எங்கு பார்த்தாலும் புதுக் கார்க் கதைதான். அந்தக் கதையில் முதலாவதாக வருவது திரை. எத்தனை இஞ்சி? சுழலுமா? பீ.வை.டி அற்றோ 3 மாதிரி ஒரு காரில் திரை படுக்கையாகவும் நெடுக்காகவும் திரும்பும். யூரியூப்பில் றிவியூ செய்கிறவர்கள் ஒரு நிமிசம் அதைச் சுழற்றிக் காட்டுவார்கள். பிறேக் எப்படி என்று சொல்ல அவர்களுக்கு அரை நிமிசம் காணும். திரை பெரிதானால் கார் உயர்ந்தது, பட்டன் நிறைய இருந்தால் கார் பழசு என்று ஒரு கணக்கு எங்களுக்குள்ளும் வந்துவிட்டது. இந்தக் கணக்குப் பிழை என்பதுதான் எங்கட கட்சி.

ஜேர்மனியில் நடந்த ஒரு வழக்கிலிருந்து தொடங்குவோம். 2019 மார்ச்சில், நல்ல மழைக்குள் டெஸ்லா ஓட்டிக்கொண்டு போன ஒருவர் வைப்பரின் வேகத்தை மாற்றப் பார்த்தார். அந்தக் காரில் வைப்பரைப் போடுவதற்கு ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பிடி உண்டு. ஆனால் எவ்வளவு இடைவெளியில் ஓட வேண்டும் என்று மாற்றுவதற்கு நடுவில் உள்ள தொடுதிரைக்குத்தான் போக வேண்டும். அவர் திரையைப் பார்த்தார், கார் ரோட்டை விட்டு இறங்கி அறிவிப்புப் பலகையிலும் மரங்களிலும் அடிபட்டது. கார்ல்ஸ்ரூவ நகரத்து மேல் நீதிமன்றம் 2020-இல் தீர்ப்புச் சொன்னது: ஓட்டும்போது கையில் தொலைபேசி வைத்திருப்பதைத் தடுக்கிற அதே சட்டப் பிரிவு காரில் பொருத்திய திரைக்கும் பொருந்தும், வைப்பருக்காகத் தொட்டாலும் அது மின்னணுக் கருவிதான். 200 யூரோ தண்டம், ஒரு மாதம் ஓட்டத் தடை.

இந்தத் தீர்ப்பு எங்களைக் கொஞ்சம் குழப்பியது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் மழையில் வைப்பரைக் கூட்டுவது ஒரு ஓட்டுநர் செய்யவே வேண்டிய வேலை. அந்த வேலையைத் திரைக்குள் கொண்டுபோய் ஒளித்து வைத்தவர்கள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. தண்டம் கட்டியது திரையைத் தொட்டவர் மட்டும்.

சுவீடனில் 'வி பிலேகரே' என்று ஒரு கார்ச் சஞ்சிகை இருக்கிறது. 2022-இல் அவர்கள் செய்த சோதனை மிகவும் எளிமையானது. பாவனையில் இல்லாத ஒரு விமான ஓடுபாதையில் 11 புதுக் கார்கள், அதோடு 2005-ஆம் ஆண்டு வொல்வோ வி70 ஒன்று. ஓட்டுகிறவர்களுக்குக் காரைப் பழக நேரமும் கொடுத்தார்கள். பிறகு 110 கிலோமீற்றர் வேகத்தில் நாலு வேலை: சீற்றைச் சூடாக்கி வெப்பத்தைக் கூட்டி முன் கண்ணாடியின் ஆவியைப் போக்குவது, ரேடியோவைப் போட்டு ஒரு குறிப்பிட்ட அலைவரிசைக்குப் போவது, பயணக் கணக்கைப் பூச்சியமாக்குவது, டாஷ்போட் வெளிச்சத்தைக் குறைத்து நடுத் திரையை அணைப்பது. பதினேழு வயதான அந்த வொல்வோவில் எல்லாம் முடிய 10 செக்கன், 306 மீற்றர். கடைசியாக வந்த எம்.ஜி மார்வல் ஆர் காரில் ஏறத்தாழ 45 செக்கன், 1,372 மீற்றர். ஒன்றேகால் கிலோமீற்றருக்கு மேல்! இதில் எங்களுக்குப் பிடித்தது இன்னொன்று. மலிவு விலைக் கார் என்று பேர் வாங்கிய டாச்சியா சண்டேரோ 14 செக்கனுக்குள் முடித்துவிட்டது. காசு கூடக் கொடுத்தால் வசதி கூடும் என்பது இங்கே ஓடவில்லை.

ஏன் பட்டன் இவ்வளவு கெதியாக வேலை செய்யுது? காரணம் கண்ணில் இல்லை, விரலில் இருக்கிறது. இருட்டில் எழும்பி லைட் சுவிச்சைத் தேடுகிற கை சுவரைத் தடவி நேராக அங்கே போய் நிற்கும். பட்டன் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும், அதற்கு விளிம்பு இருக்கும், அமத்தினால் 'டக்' என்று ஒரு மறுமொழி வரும். குமிழைத் திருப்பினால் எவ்வளவு திருப்பினோம் என்று மணிக்கட்டுக்குத் தெரியும். கண்ணாடித் திரையில் இது எதுவும் இல்லை. எங்கே தொட வேண்டும் என்று முதலில் கண் பார்க்க வேணும், தொட்டது பட்டதா என்று திரும்பவும் கண்தான் பார்க்க வேணும். குண்டும் குழியுமான ரோட்டில் ஓடுகிற காரில் கையை நீட்டி ஒரு சின்னச் சதுரத்தைச் சரியாகத் தொட்டுப் பாருங்கள், விளங்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களை இறக்கிய பிறகு விமானிகள் இறக்கைத் தட்டை மடக்கப் போய்ச் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள். தரையில் நின்ற விமானம் வயிற்றில் விழும். விமானிகளின் கவனக்குறைவு என்றுதான் முதலில் எழுதினார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானத்துக்குள் பார்த்தபோது இரண்டு சுவிச்சும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சக்கரத்துக்கான பிடியில் சின்னச் சக்கரம் போல ஒரு றப்பர் துண்டு, இறக்கைத் தட்டுக்கான பிடியில் ஆப்பு வடிவத் துண்டு. பார்க்காமல் தொட்டாலே எது எது என்று கைக்குத் தெரிந்தது. இன்றைக்கும் பயணிகள் விமானங்களில் சக்கரத்தை இறக்கும் பிடியின் தலை சக்கர வடிவில்தான் இருக்கிறது. உளவியல் படிக்கிற பிள்ளைகள் எங்கட பீடத்தில் இருப்பதால், 'கலைப்பீடத்துக்கும் காருக்கும் என்ன' என்ற கேள்விக்கு இதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு ஏன் கம்பனிகள் பட்டனைத் தூக்குகின்றன? அழகு, நவீனம் என்றெல்லாம் சொல்வார்கள். முதல் காரணம் காசு. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு அச்சு, ஒரு வயர், அதைப் பூட்ட ஒரு ஆள். கமராத் திரை எப்படியும் வைக்கத்தான் வேணும். அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதுக் கார் எல்லாவற்றுக்கும் பின்புறக் கமரா கட்டாயம். திரை இருக்கிறபடியால் மற்றதையும் அதற்குள் போட்டுவிடுவது லாபம். இரண்டாவது காரணம் கொஞ்சம் கள்ளத்தனமானது. திரைக்குள் இருக்கிற வசதியைப் பிறகு பூட்டலாம், திறக்கலாம், வாடகைக்கு விடலாம். 2022-இல் பீ.எம்.டபிள்யூ சில நாடுகளில் சீற் சூடாக்குவதற்கு மாதக் கட்டணம் கேட்டது. சூடாக்குகிற கம்பி காருக்குள் ஏற்கனவே இருக்கிறது, காசு கட்டினால்தான் வேலை செய்யும். சனம் பேசின பேச்சில் அடுத்த வருசமே அதைக் கைவிட்டார்கள். எங்கட வெயிலுக்குச் சூட்டுச் சீற் தேவையில்லைத்தான். ஆனால் நாளைக்கு ஏசிக்கு இப்படி வந்தால்?

தொடுதிரையே புதுசு என்று நினைக்கவும் வேண்டாம். 1986-இல் அமெரிக்காவின் பியூக் ரிவியேரா காரில் பழைய தொலைக்காட்சிக் குழாய் மாதிரி ஒரு தொடுதிரை வந்தது. ரேடியோவும் ஏசியும் அதற்குள். 1990 மொடலில் அது இல்லை. பிறகு 2012-இல் டெஸ்லா மொடல் எஸ் 17 இஞ்சித் திரையோடு வந்து எல்லாரையும் திரும்ப அந்தப் பக்கம் இழுத்தது.

இனி எங்கட ஊருக்கு வருவோம். திரையைப் பற்றி மற்ற நாட்டுச் சனத்துக்குத் தெரியாத ஒரு பாடம் இலங்கைக்குத் தெரியும். ஜப்பானிலிருந்து வருகிற றீகண்டிசன் கார்களில் ஏறாதவர்கள் இங்கே குறைவு. சாவியைத் திருப்பியவுடன் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் மிகவும் மரியாதையாக ஏதோ சொல்லும். அந்த அக்கா சொல்வது 'ஈ.ரீ.சி கார்ட் போடப்படவில்லை' என்று. ஜப்பானிய அதிவேக வீதிகளில் காசு கட்டுகிற அட்டை. எங்கட வீதிகளில் அந்த அட்டைக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் அவா வருசக்கணக்காக ஒவ்வொரு காலையும் சொல்லிக்கொண்டே இருப்பா. பற்றியைக் கழற்றிப் பூட்டினால் போச்சு, திரை முழுக்கப் புரியாத எழுத்து, வரைபட எஸ்.டி கார்ட்டைப் போடு என்று நிற்கும். அது ஜப்பானிலேயே தொலைந்திருக்கும்.

ஆனால் அதே காரில் ஏசி குமிழ் முதல் நாளே வேலை செய்யும். நீலம் என்றால் குளிர், சிவப்பு என்றால் சூடு, விசிறிப் படம் என்றால் காத்து. வைப்பர், லைட் எல்லாம் படம்தான். ஜப்பானியரும் சிங்களவரும் தமிழரும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே வேலையைச் செய்யலாம். எழுத்து மெனுவாக மாறியவுடன் மொழிக் கேள்வி வந்துவிடுகிறது. திரையில் மொழியை மாற்றலாமே என்பீர்கள். மாற்றலாம், ஆனால் நாங்கள் ஏறிப் பார்த்த எந்தக் காரின் மெனுவிலும் தமிழ் இருக்கவில்லை, சிங்களமும் இல்லை. 'குரலால் சொல்லுங்கோ, கார் செய்யும்' என்று இன்னொரு தீர்வு சொல்கிறார்கள். எங்கட ஆங்கிலத்துக்கு அது என்ன செய்யும் என்று ஒருமுறை முயற்சித்துப் பாருங்கள், நல்ல பம்பல்.

இன்னொன்று. பழைய ஜப்பான் காரில் அந்தத் திரை சரிவராவிட்டால் கழற்றி எறிந்துவிட்டு ஒரு அண்ட்ரொய்ட் பிளேயரைப் பூட்டலாம். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ அதைச் செய்து தர எத்தனையோ கடைகள். ரேடியோ வேறு, ஏசி வேறு, வைப்பர் வேறு என்று இருந்தபடியால்தான் அது முடிந்தது. எல்லாம் ஒரே திரைக்குள் போன காரில் திரை செத்தால்? 2021 பெப்ரவரியில் டெஸ்லா அமெரிக்காவில் ஏறத்தாழ 135,000 பழைய மொடல் எஸ், மொடல் எக்ஸ் கார்களைத் திருப்பி அழைக்க வேண்டி வந்தது. திரையை இயக்குகிற பகுதியில் இருந்த நினைவகச் சிப் எழுதி எழுதித் தேய்ந்து போகிறது. அது போனால் பின்புறக் கமராப் படமும் கண்ணாடி ஆவியைப் போக்குகிற கட்டுப்பாடும் சேர்ந்து போகும். 2012-இலிருந்து 2018 வரை செய்த கார்கள் அவை. அங்கே கம்பனி மாற்றிக் கொடுத்தது. இங்கே கார் பத்து வருசத்துக்குப் பிறகுதான் மூன்றாவது கைக்கு வரும், இருபது வருசத்துக்குப் பிறகும் ஹயர் ஓடும். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடித் தப்பின என்று வீட்டுப் பெரியாக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் சுவிச் பழுதென்றால் கராஜில் ஒருத்தர் திறந்து பார்த்து ஏதோ ஒரு செப்புத் தகட்டை வளைத்து வைத்துவிடுவார். கண்ணாடித் திரைக்குள் வளைக்க என்ன இருக்கு?

போன மாரியில் எங்களில் நாலு பேர் கொழும்பிலிருந்து ஒரு ஹயர் காரில் வந்தோம். புதுக் கார், பேர் வேண்டாம். மதவாச்சி தாண்ட மழை பிடித்தது, முன் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்து ரோட்டே தெரியவில்லை. ஓட்டின அண்ணை பத்து வருசத்துக்கு மேல் வான் ஓடினவர், கெட்டிக்காரர். ஏசிப் படத்தைத் தொட்டார், ஒரு பக்கம் திறந்தது, அதற்குள் இன்னொரு பக்கம். அதற்கிடையில் யாரோ அவருக்குக் கோல் எடுக்க எல்லாம் மறைந்து போய் பேர் திரையில் வந்தது. கடைசியாக முன் சீற்றில் இருந்த எங்கட தோழியிடம், 'தங்கச்சி, நீங்கள் போன் பாவிக்கிற ஆள்தானே, அந்தக் கண்ணாடிப் படத்தைத் தேடி ஒருக்கா அமத்துங்கோ' என்றார். அவள் தேடிக் கண்டுபிடிக்கும் வரை அவர் பக்கக் கண்ணாடியை இறக்கி, ஒரு கையால் துணியெடுத்து முன்னால் துடைத்துக்கொண்டே ஓட்டினார். 'என்ர பழைய வானில இது ஒரு தட்டுத்தான்' என்று இரண்டு தரம் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை, பத்திரமாக வந்து சேர்ந்தோம். ஆனால் தனியாக ஓட்டுகிற ஒருவருக்கு முன் சீற்றில் தங்கச்சி இருக்க மாட்டா.

இப்படிச் சொல்வதால் நாங்கள் திரைக்கு எதிரி என்று எடுக்க வேண்டாம். வரைபடம் திரையில்தான் இருக்க வேண்டும், மடியில் போனை வைத்துப் பார்ப்பதை விட அது எவ்வளவோ மேல். ஒழுங்கைக்குள் பின்னால் எடுக்கும்போது கமரா ஒரு பிள்ளையின் உயிரைக் காப்பாற்றலாம். முன்பு சொன்ன சுவீடன் சோதனையில் பெரும்பாலும் திரையை நம்பிய வொல்வோ சி40 கூட 14 செக்கனுக்குள் முடித்தது. மெனுவை ஒழுங்காக அடுக்கினால் திரையும் உருப்படும் என்று அர்த்தம். மறுபக்கம், குமிழ் இருந்தால் மட்டும் காணும் என்றும் இல்லை. 2001-இல் பீ.எம்.டபிள்யூ 7 வரிசைக் காரில் 'ஐ-டிரைவ்' என்று ஒரே ஒரு குமிழை வைத்து எல்லாவற்றையும் அதனூடாகச் செய்யச் சொன்னது. அந்தக் காலத்து விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கையில் பிடிப்பது குமிழாக இருந்தாலும் கண் மெனுவில் தொங்கினால் கதை அதேதான். ஒரு வேலைக்கு ஒரு இடம், ஒரு தடவை. அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கடலில் இந்தக் கேள்விக்கு விலை கொடுத்திருக்கிறார்கள். 2017 ஓகஸ்ட் 21, சிங்கப்பூருக்குக் கிழக்கே அமெரிக்கக் கடற்படையின் ஜோன் எஸ். மெக்கெய்ன் கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் செத்தார்கள். வேகத்தையும் சுக்கானையும் தொடுதிரையில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றும்போது எந்த மேசையில் எது இருக்கிறது என்று மாலுமிகளுக்கு விளங்காமல் போனது. சுக்கான் செயலிழந்துவிட்டது என்றே நினைத்தார்கள். பயிற்சிக் குறைவு, களைப்பு என்று வேறு காரணங்களும் விசாரணையில் வந்தன. திரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் 2019-இல் கடற்படை அந்த வகைக் கப்பல்களில் வேகக் கட்டுப்பாட்டுக்குத் திரும்பக் கைப்பிடியே வைக்கப் போவதாக அறிவித்தது.

கார்க் கம்பனிகளுக்கும் இப்ப மெல்லப் புத்தி வருகுது. ஃபொக்ஸ்வாகன் எட்டாவது கோல்ஃபில் சத்தத்துக்கும் வெப்பத்துக்கும் விரலால் வழுக்குகிற ஒரு கீற்றை வைத்தது. இரவில் அதற்கு வெளிச்சம் கூட இல்லை! ஐடி.3, ஐடி.4 கார்களில் நாலு ஜன்னலுக்கு ஓட்டுநர் பக்கம் இரண்டு சுவிச்தான். பின் ஜன்னலை இறக்க முதலில் வேறொரு இடத்தைத் தொட வேண்டும். இதெல்லாம் பிழை என்று அந்தக் கம்பனியின் வடிவமைப்புத் தலைவர் அண்ட்ரியாஸ் மின்ட் 2025-இல் வெளிப்படையாகவே சொன்னார். இனி வரும் கார்களில் சத்தம், இரு பக்க வெப்பம், விசிறி, நாலு சிக்னலும் மின்னுகிற ஹஸாட் ஆகியவற்றுக்கு நிஜப் பட்டன் இருக்குமாம். ஐரோப்பாவில் கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கெப் அமைப்பும் 2026 ஜனவரியிலிருந்து ஐந்து நட்சத்திரம் வேணுமென்றால் சிக்னல், ஹஸாட், ஹோர்ன், வைப்பர், அவசர அழைப்பு இந்த ஐந்துக்கும் கையால் தொட்டுணரக்கூடிய கட்டுப்பாடு வேண்டும் என்கிறது. அது சட்டம் இல்லை. ஆனால் நட்சத்திரம் குறைந்தால் விற்பனை குறையும் என்பதால் கம்பனிகள் கேட்கும்.

எல்லாரும் ஒரே திசையில் போகவும் இல்லை. 2019-இல் தன் புது மஸ்டா3-இல் தொடுதிரையே வேண்டாம் என்று குமிழ் வைத்த அதே மஸ்டா, 2025-இல் காட்டிய புது சீ.எக்ஸ்-5-இல் குமிழைத் தூக்கி ஏசியைத் திரைக்குள் போட்டிருக்கிறது. அதனால் காலம் தானாகத் திருத்தும் என்று இருக்க ஏலாது.

ஐரோப்பாவுக்கு என்கெப் இருக்கு. எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. இங்கே கார் இறக்குபவர்களிடம் வரி, எஞ்சின் அளவு, பற்றரி என்று எல்லாம் கேட்கிறோம். ஓடும்போது அவசரமாகத் தேவைப்படுகிற வேலைகளுக்குப் பட்டன் இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. வாகனப் பதிவிலோ இறக்குமதி விதியிலோ ஐந்தே ஐந்து பட்டனைக் கட்டாயமாக்கச் சொல்லிக் கேட்பதற்கு எஞ்சினியராக இருக்கத் தேவையில்லை. அதுவரை உங்கட வீட்டில் ஆராவது கார் பார்க்கப் போனால் நீங்களும் கூடப் போங்கோ. விற்கிறவர் திரையைச் சுழற்றிக் காட்டி முடிக்கட்டும். பிறகு ஓட்டுநர் சீற்றில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு வைப்பரைப் போடுங்கோ, வேகத்தைக் கூட்டுங்கோ. முன் கண்ணாடி ஆவியைப் போக்குங்கோ. ஹஸாட்டைப் போடுங்கோ. சத்தத்தைக் குறையுங்கோ. எதற்காகக் கண் திறக்க வேண்டி வந்தது என்று எழுதி வைத்து, அந்தக் காரை இரவில் மழைக்குள் ஓட்டப் போகிறவரிடம் காட்டுங்கோ.